முகப்புப் படத்தில் புள்ளி தொலையக் கூடாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகநூல் பக்கத்தின் உச்சியில் அகலமாக விரியும் முகப்புப் படத்தை, தனிப்பயிற்சி நிலையமோ தையற்கடையோ நடத்துபவர்கள் பெரும்பாலும் கடைப் பலகையாகவே எண்ணி வடிவமைக்கிறார்கள்; தவறுகளில் பாதி அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கிறது. பலகை எங்கிருந்து பார்த்தாலும் முழுப் பலகைதான். முகப்புப் படமோ பார்ப்பவரின் திரைக்கேற்ப வெட்டப்படுகிறது, சுருக்கப்படுகிறது, அதன் மேல் சுயவிவரப் படமும் வந்து அமர்கிறது.

கணினியில் 851 பிக்சல் அகலமும் 315 பிக்சல் உயரமும், கைபேசியில் 640-க்கு 360 என்பதுமே முகநூல் நெடுங்காலமாகச் சொல்லிவரும் காட்சி அளவுகள். முன்னது நீண்ட பட்டை. பின்னது தொலைக்காட்சித் திரையின் வடிவம். பட்டையாகச் செய்த படம் கைபேசியின் உயரத்தை நிரப்பும்போது அதன் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. ஓர் ஓரத்தில் நிலையத்தின் பெயரையும் மறு ஓரத்தில் ஆசிரியரின் படத்தையும் வைத்தவருக்கு, கைபேசியில் எஞ்சுவது நடுவிலிருக்கும் வெற்று வானம்தான். பெயரையும் முகத்தையும் நடுப்பகுதிக்குள் கொண்டுவந்து, ஓரங்களில் இழந்தாலும் குறையில்லாத நிறமோ கோலமோ வைப்பதே சரி.

அதே படத்தை இழுத்து நீட்டி மற்றத் தளங்களுக்கும் பயன்படுத்துவது அடுத்த தவறு. எக்ஸ் தளத்துக்கு 1500-க்கு 500, லிங்க்ட்இன் தளத்தின் தனிநபர் பக்கத்துக்கு 1584-க்கு 396 என்ற அளவு வேண்டும். இவ்விரண்டிலும் கீழ் இடப்பக்கத்தைச் சுயவிவரப் படம் மறைப்பதால் அங்கே எழுத்து வைக்கக் கூடாது. யூடியூப் குறைந்தது 2048-க்கு 1152 கேட்கிறது. ஆனால் எல்லாக் கருவிகளிலும் தப்பாமல் தெரிவது நடுவிலுள்ள 1235-க்கு 338 பகுதி மட்டுமே.

இவையெல்லாம் அளவு தெரிந்தால் தீர்ந்துவிடும். தமிழ் எழுத்தில் நேரும் தவறுகள் அப்படியல்ல. அவற்றைப் பற்றிப் பேசுபவர்களும் குறைவு. நம் எழுத்தில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது ஒரு சிறு புள்ளி. கைபேசித் திரைக்குச் சுருங்கும்போது அது இரண்டு மூன்று பிக்சலாகிவிடும்; பதிவேற்றத்தில் படம் மீண்டும் அழுத்தப்படும்போது பின்னணியோடு கரைந்தும் போகலாம். 'கல்வி' என்ற சொல்லில் அந்தப் புள்ளி மறைந்தால் என்ன சொல்லாகும் என்பது தமிழறிந்த எவருக்கும் தெரியும். ஒரு பயிற்சி நிலையத்தின் முகப்பில் அது நிற்கலாகாது. படத்தை அழுத்திச் சேமிக்கும் ஜேபெக் முறை வெளிச்ச வேறுபாட்டைவிட நிற வேறுபாட்டையே அதிகம் குறைத்துச் சேமிப்பதால், நீலத்தின் மேல் சிவப்பு, பச்சையின் மேல் சிவப்பு போன்ற சேர்க்கைகளில் எழுத்தின் விளிம்பு முதலில் கலங்குகிறது. ஆகவே நிறம் வேறாக இருந்தால் போதாது, வெளிச்சமும் வேறாக இருக்க வேண்டும். இணைய அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. தடித்த எழுத்துருவைத் தேர்ந்து, எழுத்துள்ள படத்தை, தரம் குறையாமல் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பாகப் பதிவேற்றுவது புள்ளியைக் காப்பாற்றும்.

ஃபோட்டோஷாப்பில் 'கொ', 'தெ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நின்றால், குற்றம் எழுத்துருவில் இல்லாமலிருக்கலாம். மென்பொருளின் எழுத்து அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' தேர்வு செய்யப்படவில்லையா என்று பாருங்கள். யூனிகோடில் தட்டச்சிட்ட வரியைப் பாமினி எழுத்துருவுக்கு மாற்ற முயல்வதும் வீண், ஏனெனில் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த பழைய ஏற்பாடு. வரிகளை நெருக்குவதும் ஆகாது: மேல்வரியில் 'பு'வின் கீழிறங்கும் கோடும் கீழ்வரியில் 'கி'யின் மேலுள்ள விசிறியும் முட்டிக்கொள்ளும்.

அச்சகத்துக்காகச் செய்த கோப்பையே பதிவேற்றுவோர் நிறம் மாறிவிட்டதென்று வருந்துகிறார்கள். அச்சுக்குச் சிஎம்ஒய்கே என்ற நிறமுறை, திரைக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிறமுறை என்பதை வடிவமைப்பவர்தான் நினைவில் வைக்க வேண்டும். முடிந்த படத்தை உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புவதும் பரவலான பிழை. அங்கே ஒருமுறையும் முகநூலில் மறுமுறையும் அழுத்தப்பட்டு, பாடுபட்டுச் செய்த எழுத்து மங்கலாகிறது. ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

தொலைபேசி எண், முகவரி, வகுப்பு நேரம் அனைத்தையும் படத்தில் திணிப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். படத்திலுள்ள எண்ணை ஒரு தட்டில் அழைக்க முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதை அவருக்குச் சரியாகச் சொல்லும் என்று நம்பியிருக்கவும் முடியாது. பக்கத்தின் அறிமுகப் பகுதியில் அதற்கென்றே இடம் இருக்கிறது. படத்தில் நிலையத்தின் பெயரும், என்ன கற்பிக்கிறார்கள் என்ற ஒரு வரியும் போதும். அவற்றையும் பதிவேற்றியபின் சாதாரணக் கைபேசி ஒன்றில் திறந்து, கை நீட்டிய தொலைவில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாகப் பாருங்கள்.