வெலிங்டன் ஆண்டு நாள்: ஒரு விடுமுறையை நடந்தே அறிவது எப்படி

நியூசிலாந்தில் நாடு முழுவதற்குமான விடுமுறைகள் போக, பழைய மாகாணம் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் ஆண்டு நாள் விடுமுறை உண்டு. இங்கிலாந்திலிருந்து ஆட்களைக் குடியேற்றிய நியூசிலாந்து கம்பெனி என்ற நிறுவனம் அனுப்பிய முதல் குடியேற்றக் கப்பலான ஆரோரா, 1840 ஜனவரி 22 அன்று வந்து சேர்ந்ததை வெலிங்டனின் ஆண்டு நாள் நினைவுகூர்கிறது. பெரும்பாலோருக்கு இது ஒரு நீண்ட வார இறுதி மட்டுமே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும் அரை நாளை ஒதுக்க முடிந்தவர்கள், அந்த நிகழ்ச்சி நடந்த இடங்களை நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை 22ஆம் தேதிக்கு மிக அருகிலுள்ள திங்கட்கிழமையில் வரும். அத்தேதி செவ்வாய், புதன், வியாழனில் விழுந்தால் முந்தைய திங்களும், வெள்ளி, சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த திங்களும் விடுமுறை. அதன்படி 2026இல் ஜனவரி 19, 2027இல் ஜனவரி 25. வெலிங்டன் நகரத்துக்கு மட்டுமன்றி, பழைய மாகாண எல்லைக்குள் இருந்த வைராரப்பா, பாமர்ஸ்டன் நார்த், வாங்கனுயி ஆகிய பகுதிகளுக்கும் இதுவே ஆண்டு நாள். உங்கள் வழக்கமான வேலை நாளில் இவ்விடுமுறை வந்து, அன்று நீங்கள் பணிக்குச் சென்றால், உழைத்த நேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு ஊதியமும் மாற்று விடுமுறை ஒரு நாளும் சட்டப்படி உங்களுக்குச் சேரவேண்டும்.

நடையைத் துறைமுகத்தின் வடகரையிலுள்ள பெட்டோனி என்ற புறநகரில் தொடங்குங்கள். வெலிங்டன் ரயில் நிலையத்திலிருந்து ஹட் பள்ளத்தாக்குத் தடத்தில் சிறிது நேரப் பயணந்தான். விடுமுறை நாள் கால அட்டவணை வேறாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கோடைதானே என்று மேலங்கி இல்லாமல் போகவேண்டாம். தெற்கு நோக்கிய அந்தக் கடற்கரையில் தென்காற்று கிளம்பினால் ஜனவரியிலும் உடல் நடுங்கும். குடியேறியோர் கரையிறங்கியது இங்கேதான். நூற்றாண்டு நினைவாக எழுப்பப்பட்ட கட்டடத்தில் இன்று பெட்டோனி குடியேற்ற அருங்காட்சியகம் இயங்குகிறது.

அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுவதே பலர் செய்யும் தவறு. வந்தவர்களை வரவேற்று, அவர்களுக்குக் குடிசை கட்ட உதவிய தே ஆத்தி ஆவா என்ற மாவோரிப் பழங்குடியின் தலைவர் தே புனி, அருகிலேயே அவர் பெயர் தாங்கிய தெருவிலுள்ள மாவோரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே தின்பண்டம் எதையும் கொண்டுசெல்லாதீர்கள். வெளியே வரும்போது கைகளில் நீர் விட்டுக்கொள்ளுங்கள். சுடுகாடு சென்று வந்து கைகால் கழுவும் வழக்கமுள்ள நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. துப்பாக்கி, கம்பளி, குடை முதலிய பொருள்களைக் கொடுத்துத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் வாங்கிவிட்டதாகக் கம்பெனி 1839 செப்டம்பரில் எழுதிக்கொண்ட பத்திரம் செல்லாது என்று, மாவோரி மக்களின் உரிமைக் குறைகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் 2003இல் முடிவு கூறியதையும் அவ்விடத்தில் நினைத்துக்கொள்வது பொருத்தம்.

பெட்டோனிக் குடியிருப்புக்கு முதலில் வைத்த பெயர் பிரிட்டானியா. ஹட் ஆறு பெருகி வீடுகளுக்குள் புகவே, சில மாதங்களிலேயே குடியேறியோர் இன்றைய நகர மையத்தை ஒட்டிய தார்ண்டன் பக்கம் இடம் மாறினர். ஆகவே நீங்களும் ரயிலேறி நகருக்குத் திரும்பி, லாம்ப்டன் கீ சாலையில் நடையைத் தொடருங்கள்.

இங்கே தலையைக் குனிந்து நடக்கவேண்டும். 1840இல் கடற்கரை எங்கே இருந்தது என்பதைக் காட்டும் உலோகத் தகடுகள் நடைபாதையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. இன்று அங்கே நின்றால் கண்ணில் படுவன கடைகளும் பேருந்துகளுமே. கடலைத் தூர்த்து நிலமாக்கியது பாதிக் காரணம் என்றால், மறுபாதி இந்த ஆண்டு விழாவோடே தொடர்புடையது. 1855இல் இரண்டு நாள் விழா நடந்துகொண்டிருந்தபோது, ஜனவரி 23 இரவு ஏறத்தாழ 8.2 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கித் துறைமுகக் கரையையே மேலே தூக்கிவிட்டது. பழைய வங்கிக் கட்டட வணிக வளாகம் திறந்திருந்தால் உள்ளே சென்று, தரைக்கடியில் கண்ணாடிக்குள் பாதுகாக்கப்படும் இன்கான்ஸ்டன்ட் என்ற கப்பலின் மரங்களையும் பாருங்கள். 1849இல் விபத்துக்குள்ளாகிக் கரையொதுங்கிய அந்தக் கப்பல், பின்னர் கிடங்காகப் பயன்பட்டு, இறுதியில் நகரத்துக்கு அடியில் புதைந்துபோனது.

தமிழ் வாசகர்களுக்கு மட்டும் ஒரு சேர்க்கை. நீர்முகப்பிலுள்ள தே பாப்பா தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத, விளிம்பு உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. ஆரோரா வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, வடக்கே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்தியதை வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி கண்டார். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. அது பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொண்டு உள்ளே செல்லுங்கள்.