ட்ரெய்லர் டைனெட் டேபிள் ஆடுதா? புதுக் கால் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

நாங்க டெக்ஸஸ்ல இருக்கோம், செகண்ட் ஹேண்ட்ல ஒரு 24 அடி ட்ராவல் ட்ரெய்லர் வாங்கினோம், வண்டி பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற வீடு மாதிரி. மத்ததெல்லாம் ஓகே, அந்த டைனெட் டேபிள், அதாவது உள்ள உக்காந்து சாப்பிடுற மேசை மட்டும் விழப்போற பால்பல்லு மாதிரி ஆடிட்டே இருக்கும். இங்க்ஸ் லேக் பார்க்ல ஒருநாள் காலைல பையன் டேபிள்ல கைய ஊனி எந்திரிச்சான், சாம்பார் கிண்ணம் அப்படியே சரிஞ்சு குஷன் மேல, அந்த மஞ்சக் கறை இன்னும் போகல. "என்னங்க, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா நான் வெளிய பெஞ்சுலயே சாப்டுக்கறேன்"னு வீட்டம்மா சொல்லிட்டாங்க.

நான் என்ன பண்ணேன்னா உடனே ரெண்டு புதுக் கால் ஆர்டர் பண்ணேன். வந்துச்சு, மாட்டினேன், அதே ஆட்டம். காசு தண்டம். ஏன்னா ஆடினது கால் இல்ல, கால் போய்ச் சேர்ற எடம்.

இந்த டேபிளுக்கு நெறைய ட்ரெய்லர்ல பைப் மாதிரி பெடஸ்டல் கால்தான் இருக்கும், கிட்டத்தட்ட 2¼ இன்ச் பைப், நுனி லேசா கூம்பிக்கிட்டு வரும். கீழ தரைல ஒரு பேஸ் (கால் நுனி சொருகுற குழி வெச்ச தட்டு, ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும்), மேல டேபிள் அடில ஒரு பேஸ், ரெண்டுலயும் சும்மா சொருகி வெச்சிருப்பாங்க, போல்ட் எதுவும் கெடையாது, இறுக்கம்தான் புடிமானம். நைட்டு காலைக் கழட்டி டேபிளைக் கீழ எறக்கினா படுக்கை ஆயிடும், அதனாலதான் இந்த ஏற்பாடு. அப்ப ஆடக்கூடிய எடம் மூணு: டேபிள் அடி பேஸ், பைப் சொருகுற எடம், தரை பேஸ். ஒருத்தர் டேபிளை ஆட்டணும், இன்னொருத்தர் ஒவ்வொரு ஜாயின்ட்லயும் விரல் வெச்சுப் பாக்கணும், எது நகருதுன்னு விரலுக்கே தெரிஞ்சிடும். ரெண்டு நிமிஷ வேலை, நான் இதை மொதல்லயே பண்ணிருந்தா அந்தக் கால் காசு மிச்சம்.

அதுக்கும் முன்னாடி, ட்ரெய்லரே ஆடுதான்னு பாருங்க. ஸ்டெபிலைசர் ஜாக்கை (ட்ரெய்லர் ஆடாம இருக்க அடில குடுக்குற முட்டு) எறக்காம, வீலுக்குக் கட்டை குடுக்காம உள்ள ஒருத்தர் நடந்தாலே டேபிள் ஆடுற மாதிரிதான் இருக்கும், அதுக்கு டேபிளைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

எங்களுக்கு ஆடினது டேபிள் அடி பேஸ். பெரும்பாலும் அங்கதான் பிரச்னை, ஏன்னா டேபிள் பலகை பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளை அமுக்கிப் பண்ணது, ஒருதடவை ஸ்க்ரூ லூசாச்சுன்னா ஓட்டை உதிர்ந்துக்கிட்டே போகும். நான் ஒரு ஸ்க்ரூவை விரலாலயே இழுத்தேன், கூடவே ஒரு சிட்டிகை தூளும் வந்துச்சு. டூத்பிக்கைப் பசைல முக்கி ஓட்டைக்குள்ள அடைச்சுத் திருப்பி ஸ்க்ரூ போடுறது எல்லாரும் சொல்ற வைத்தியம், நல்ல மரத்துல சரியா நிக்கும், இதுல ரெண்டு ட்ரிப் தாண்டினா பெரிய விஷயம். எபாக்சி ஊத்தி நல்லா காய விட்டு மறுபடி சின்ன ஓட்டை போட்டா கொஞ்சம் பரவால்ல.

நான் பண்ணது வேற. பேஸைக் கழட்டிட்டு அரை இன்ச் ப்ளைவுட்ல 12க்கு 12 இன்ச் பலகை, பேஸுக்கு ஒண்ணுன்னு வெட்டி, டேபிள் அடில ஒட்டி, ஸ்க்ரூவும் போட்டு, அதுமேல பேஸை மாட்டினேன். இப்ப பளு நாலு ஓட்டைல நிக்காம ஒரு பெரிய பரப்புல பரவிடும். ரெண்டு கவனம். டேபிள் அடில வழவழன்னு லேமினேட் இருந்தா பசை புடிக்காது, உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சு சொரசொரப்பாக்கிட்டு அப்புறம் ஒட்டுங்க. ஸ்க்ரூ நீளத்தை டேபிள் கனத்தோட அளந்து வாங்குங்க, ட்ரில் பிட்ல எவ்ளோ ஆழம் போகணுமோ அங்க ஒரு டேப் சுத்திக்கங்க, இல்லன்னா மேல சாப்பிடுற எடத்துல ஸ்க்ரூ முனை எட்டிப்பாக்கும். இன்னொண்ணு, பலகை வெச்சதுல டேபிள் அரை இன்ச் ஒசந்துடும், உங்களுக்கு அது இடிக்குமான்னு பாத்துக்கங்க.

பைப் சொருகுற எடம் ஆடினா, மொதல்ல துணியால அழுக்கைத் துடைச்சிட்டு ரப்பர் சுத்தியால மேலருந்து ரெண்டு தட்டு, அவ்ளோதான். அங்க எண்ணெய், க்ரீஸ் எதுவும் போட்டுடாதீங்க, உராய்வுலதான் அது நிக்குது. நுனி நசுங்கியிருந்தா மட்டும் புதுக் கால் வாங்குங்க, பழசு நீளத்தை அளந்து அதே அளவு. கழட்ட வரலன்னா நேரா இழுக்காம ரெண்டு பக்கமும் திருகி எடுங்க.

தரை பேஸ்தான் பயம். ஸ்க்ரூவைக் கழட்டினதும் ஸ்க்ரூட்ரைவர் முனையால மரத்தைக் குத்திப் பாருங்க, பொதுபொதுன்னு எறங்கிச்சுன்னா தண்ணி லீக் இருக்கு, அதைச் சரி பண்ணாம மேல என்ன பண்ணாலும் வேஸ்ட். மரம் கெட்டியா இருந்தா ஒரு சைஸ் தடிச்ச ஸ்க்ரூ போடலாம், ஆனா நீளமா போட்டுடாதீங்க, கீழ வயர், தண்ணி பைப், டேங்க் எது வேணா ஓடலாம். டைனெட் ஸ்லைடுக்குள்ள (நிறுத்தினப்புறம் வெளிய தள்ளி எடத்தைப் பெருசாக்குற பகுதி) இருந்தா இன்னும் உஷார், ஸ்க்ரூ முனை கீழ நீட்டிட்டு இருந்தா ஸ்லைடு உள்ள வரும்போது எங்கயாவது உரசும்.

இதெல்லாம் பண்ணியும் எங்களுக்கு லேசா ஒரு ஆட்டம் பாக்கி இருந்துச்சு. அதைத் தீர்த்தது சுவத்துல அடிச்ச ஒரு கட்டை. டேபிளோட சுவர்ப் பக்க ஓரம் எந்த ஒசரத்துல வருதோ அதுக்குக் கீழ 1 இன்ச் கனத்துல ஒரு மரச்சட்டம், டேபிள் அதுமேல உக்காரும். ட்ரெய்லர் சுவர் பேப்பர் மாதிரி மெல்லிசு, வெறும் பேனல்ல ஸ்க்ரூ போட்டா புடுங்கிக்கும், உள்ள இருக்கிற ஸ்டட்டைத் (பேனலைத் தாங்குற சட்டம்) தேடி அதுலதான் போடணும், சின்ன காந்தத்தை சுவத்துல நகர்த்திட்டே போனா ஆணி இருக்கிற எடத்துல ஒட்டும். அப்புறம் டேபிள் அடிலருந்து சட்டத்துக்கு, நம்ம ஊரு ஜன்னல்ல இருக்குமே, அந்த மாதிரி சின்ன தாழ்ப்பாள் ரெண்டு. எல் பிராக்கெட் போட்டு நிரந்தரமா இறுக்கலாம்னு தோணும், வேணாம், நைட்டு படுக்கை போட முடியாம போயிடும். சட்டம் மேல ஃபெல்ட் துணி ஒட்டினா கீச்சுச் சத்தமும் வராது.

வண்டி ஓடும்போது டேபிளை நிக்க விடாதீங்க. ரோட்டுல தூக்கித் தூக்கிப் போடுறதுலதான் பாதி ஸ்க்ரூ லூசாகுது. நாங்க கெளம்புறதுக்கு முன்னாடி படுக்கை மாதிரி எறக்கிட்டு, காலை பழைய துண்டுல சுத்தி பெஞ்ச் அடில போட்டுடுவோம். சரி பண்ணப்புறம் போன மொத ட்ரிப் முடிஞ்சதும் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு ரவுண்டு இறுக்கினேன், ரெண்டு ஸ்க்ரூ மட்டும் கால்வாசி சுத்து எறங்குச்சு, அதுக்கப்புறம் அசையல. அந்தப் புதுக் கால் ரெண்டும் இன்னும் கராஜ்லதான் கெடக்கு, யாருக்காவது 29½ இன்ச் வேணும்னா சொல்லுங்க.