பிள்ளைக்குள்ள செலவுக் காசு: குமரி மாவட்டத்துல எங்க கேக்கணும், தரலேன்னா யாரைக் கேக்கணும்

என் தங்கச்சிக்கு ஜீவனாம்சம் ஆர்டர் ஆன பிறகு முதல் மாசம் காசு வந்தது, ரெண்டாவது மாசமும் வந்தது, அதோட நின்னு போச்சு. இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு பதினெட்டு மாசம் ஓட்டிட்டா பாவம், போன் அடிச்சா அவ புருஷன் எடுக்க மாட்டான், மாமியார் எடுத்து "அவன் கடலுக்குப் போயிருக்கான்"ம்பாங்க. கடைசியில வசூலுக்கு மனு போடப் போனா, மனு போடுற நாள்லருந்து பின்னால ஒரு வருஷக் காசைத்தான் அந்த வழியில கேக்க முடியும்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசக் காசு கையை விட்டுப் போச்சு. அப்ப இருந்த வக்கீல் இதை ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம், சொல்லல. அதுக்குப் பிறகு எங்க தெருவுல நாலஞ்சு பேருக்கு மனு எழுதிக் குடுத்து ஆபீஸ் ஆபீஸா கூடப் போயிருக்கேன், அதுல தெரிஞ்சதைத்தான் எழுதுறேன். நான் வக்கீல் இல்ல.

எங்க சித்தி மக இங்கிலாந்துல நர்ஸா இருக்கா. அங்க இதுக்குன்னே சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ்னு ஒரு அரசாங்க ஆபீஸ் இருக்காம், அப்பா வருமானத்தைப் பாத்து அவங்களே கணக்கு போட்டு, தரலேன்னா சம்பளத்துலருந்தே பிடிச்சுக் குடுப்பாங்க, அப்படிப் பிடிச்சா அப்பாகிட்ட 20 சதவீதம் கூடுதலா வாங்குவாங்க, அம்மாவுக்குப் போறதுலயும் 4 சதவீதம் கழிப்பாங்கன்னு சொன்னா. அந்த ஆபீஸ் தப்பு பண்ணினா விசாரிக்க தனியா ஒரு அதிகாரியும் உண்டாம். நமக்கு அப்படி ஒரே கதவு கிடையாது. காசு எவ்வளவுன்னு சொல்றது கோர்ட், வக்கீல் தர்றது சட்ட உதவி ஆபீஸ், ஓய்வூதியம் தாசில்தார், பிள்ளைக்குப் படிப்பு உதவி கலெக்டர் ஆபீஸ்ல வேற ஒரு பிரிவு. இவங்களை ஒண்ணா சேத்து மேற்பார்வை பாக்க ஆள் இல்லாததால அந்த வேலை நம்ம தலையில, நம்ம கையில இருக்குற ரசீதுல. அதனால மொதல்ல ஒரு நீள நோட்டு வாங்குங்க. எந்த ஆபீஸ், என்ன தேதி, யாரைப் பாத்தோம், என்ன நம்பர் போட்டுக் குடுத்தாங்க, எல்லாம் அதுல ஏறணும்.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னு வீட்டுல இருந்துராதீங்க. 1987 சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானமே பாக்காம இலவச வக்கீல் தரணும். நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், பூதப்பாண்டி கோர்ட்லயும் இலவச சட்ட உதவி எங்கன்னு கேட்டா காட்டித் தருவாங்க. போன்ல கேக்கணும்னா 15100. அவங்க போட்ட வக்கீல் சரியா வரல, வாய்தாவுக்கு நிக்கலேன்னா ஆணைக்குழு செயலருக்கு எழுத்துல குடுத்து வேற வக்கீல் கேக்கலாம், இது பல பேருக்குத் தெரியாது, இலவசமா வந்தவர்கிட்ட எப்படி கோவிச்சுக்கன்னு சும்மா இருந்துருவாங்க.

இப்ப கேஸ். ஜீவனாம்சக் கேஸுக்கு முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவுன்னு சொல்வாங்கல்ல, 2024 ஜூலை 1 முதல் அது பிஎன்எஸ்எஸ்ங்கிற புதுச் சட்டத்துல 144வது பிரிவு, விஷயம் ஏறக்குறைய அதேதான். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாருக்கும் ஒரே சட்டம். தாலி கெட்டிப் பிறந்த பிள்ளையா இல்லையான்னு பாகுபாடு கிடையாது, ரெண்டு பேருக்கும் உரிமை உண்டு. முன்ன 500 ரூபா உச்சவரம்புன்னு ஒண்ணு இருந்தது, 2001லயே எடுத்துட்டாங்க, இன்னும் சில பெரியவங்க அந்த 500ஐச் சொல்லிப் பயங்காட்டுறாங்க. அவன் இருக்குற ஊர்லதான் போடணும்னு இல்ல, நீங்க இப்ப அம்மா வீட்டுல இருந்தா அந்த ஊருக்குள்ள கோர்ட்லயே போடலாம். உங்க கிராமம் எந்தக் கோர்ட்டுக்குள்ள வருதுன்னு சட்ட உதவி ஆபீஸ்லயே கேட்டுக்கோங்க, சும்மா நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் பஸ் காசு அழிக்காதீங்க.

மனுவுல பிள்ளைக்குள்ளதைத் தனியாக் கேளுங்க. உங்களுக்கு இவ்வளவு, மூத்தவனுக்கு இவ்வளவு, இளையவளுக்கு இவ்வளவு. மொத்தமா ஒரு தொகை கேட்டு வாங்கிட்டு நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை கிடைச்சா அதைச் சொல்லி அவன் குறைக்கக் கேப்பான், பிள்ளை பங்கும் சேந்து குழம்பிரும். கூடவே இடைக்கால ஜீவனாம்சம்னு, அதாவது கேஸ் முடியுற வரைக்கும் தர்ற காசுக்கு, ஒரு மனுவும் வழக்குச் செலவும் கேக்கணும். நோட்டீஸ் அவன் கையில சேந்த நாள்லருந்து முடிஞ்சவரை 60 நாளுக்குள்ள இடைக்கால மனுவை முடிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. எப்பவும் அப்படி நடக்குமான்னு கேட்டா நடக்காது, ஆனா அந்த 60 நாளைச் சொல்லி ஞாபகப்படுத்த உங்க வக்கீலுக்கு உரிமை இருக்கு, அவரை ஞாபகப்படுத்த உங்களுக்கு இருக்கு.

வருமானத்துக்கு ஆதாரம்தான் பெரிய தலைவலி. 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரஜ்னேஷ் எதிர் நேஹாங்கிற கேஸ்ல ரெண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் எழுதி பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணணும்னு சொல்லிட்டாங்க, மனு போட்ட தேதியிலருந்தே காசு கணக்கு பண்ணணும்னும் அதுல இருக்கு. ஆனா நம்ம ஊர்ல சம்பளச் சீட்டு எத்தனை பேருக்கு இருக்கு? தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம்னா வள்ளத்துல பங்கு, குலசேகரம் பக்கம்னா ரப்பர் பால்வெட்டு, இல்லேன்னா கேரளால கட்டட வேலை, இல்லேன்னா வளைகுடா. அதனால கிடைக்குறதை எல்லாம் பொறுக்குங்க. அவன் முன்ன உங்களுக்கு ஜிபே போட்ட ஸ்கிரீன்ஷாட், பேங்க் பாஸ்புக், பைக் ஆர்சி, போட்டோ போட்ட புது வீடு, வள்ளம் யார் பேர்ல இருக்கு, விசா காப்பி இருந்தா அது. உங்க பக்கமும் உண்மையை எழுதுங்க, தையல்ல மாசம் மூவாயிரம் வருதுன்னா மூவாயிரம்னே எழுதுங்க, மறைச்சு அவன் வக்கீல் குறுக்கு விசாரணையில பிடிச்சா நம்ம மத்த பேச்சுக்கும் மதிப்பு போயிரும். பிள்ளை செலவுக்கு ஸ்கூல் பீஸ் ரசீது, வேன் காசு, டியூஷன், மருந்துச் சீட்டு, பில் இல்லாத பால் கணக்குன்னா நோட்டுல தேதி போட்டு எழுதினது.

அவன் நோட்டீஸ் வாங்காம டிமிக்கி குடுத்தா வேணும்னே தவிர்க்குறான்னு கோர்ட்டுக்குத் தோணினா அவன் இல்லாமலே ஆர்டர் போடலாம். அதை உடைக்கணும்னா மூணு மாசத்துக்குள்ள அவன் காரணம் சொல்லி மனு போடணும். வளைகுடால இருக்கவனுக்கு நோட்டீஸ் போய்ச் சேருறதுதான் மாசக்கணக்கு ஆகும், அதனால அவன் பேர்ல இங்க இருக்குற நிலம், வீடு, வண்டி விவரத்தை ஆரம்பத்துலயே மனுவுல சேத்துருங்க, நாளைக்கு வசூல்னு வந்தா அதுதான் கையில சிக்கும்.

அடி, உதை, வீட்டை விட்டு இறக்கி விட்டதுன்னு இருந்தா 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துலயும் மனு போடலாம், அதுல பிள்ளைக்கும் காசு கேக்கலாம், தங்குற உரிமையும் கேக்கலாம். அந்தச் சட்டத்துல ஒரு நல்ல விஷயம், அவன் சம்பளம் வாங்குற ஆளா இருந்தா முதலாளியே நேரா உங்களுக்கோ கோர்ட்லயோ கட்டணும்னு மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். இதுக்குப் பாக்க வேண்டியது மாவட்ட சமூக நல அலுவலகத்துல இருக்குற பாதுகாப்பு அலுவலர். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்னு இன்னொருத்தர் உண்டு, அவர் வேற, நாங்க முதல் தடவை அங்க போய் அரை நாள் உக்காந்தோம். அவசரம்னா 181க்கு அடிங்க, பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098. பாதுகாப்பு அலுவலர் கோர்ட் சொன்னதைக் காரணமில்லாம செய்யலேன்னா அதே சட்டத்தோட 33வது பிரிவுல அவருக்கே ஒரு வருஷம் வரை ஜெயிலோ 20,000 ரூபா வரை அபராதமோ இருக்கு. அரசு அனுமதி இல்லாம அந்தக் கேஸ் போட முடியாதுதான், ஆனா கடிதத்துல அந்தப் பிரிவை ஒரு வரி மரியாதையா எழுதி வச்சா பைல் நகருது, பாத்திருக்கேன்.

இதுக்கு இடையில ஊர்ப் பேச்சு வரும். ஊர் கமிட்டி, பங்குப் பேரவை, ரெண்டு வீட்டுப் பெரியவங்க உக்காந்து, ஒரு லட்சமோ ரெண்டு லட்சமோ வாங்கிட்டு எழுதிக் குடுத்துரும்மா, நிம்மதியா இருன்னுவாங்க. பேசுறதுல தப்பில்ல. ஆனா "இனி பிள்ளைக்கும் ஒண்ணும் கேக்க மாட்டேன்"னு ஒரு வரி இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. அது பிள்ளையோட உரிமை, அதை விட்டுக் குடுக்க நமக்கே அதிகாரம் இல்ல. சமாதானம்தான்னா லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல பேசுங்க, அங்க முடிவாகுறது கோர்ட் தீர்ப்பு மாதிரி செல்லும், முத்திரைத்தாள்ல எழுதின ஊர்ப்பேச்சை வச்சு நாளைக்கு யாரைப் பிடிக்க?

ஆர்டர் வந்தா கேஸ் முடிஞ்சதுன்னு நினைச்சதுதான் நாங்க பண்ணின தப்பு. சான்றிட்ட நகல் ரெண்டு வாங்கி வைங்க. காசை பேங்க்ல போடச் சொல்லுங்க, கையில வாங்கவே வாங்காதீங்க, வாங்கினா குடுத்ததுக்கு அவன்கிட்டயும் வாங்காததுக்கு நம்மகிட்டயும் ஆதாரம் இருக்காது. ரெண்டு மாசம் நின்னாலே வசூல் மனு போட்டுருங்க. காசு பாக்கியான தேதியிலருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், இதை நோட்டுல சிவப்பு மையில எழுதி வைங்க. கோர்ட் வாரண்ட் போடலாம், பாக்கி ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரை உள்ள போடலாம். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன், கணக்கு தீந்துச்சு"ன்னு வருவான். தீராது. ஜெயில்ல இருந்தா கடன் அழியாதுன்னு 1989லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. கேஸ் எந்த நிலையில இருக்குன்னு பாக்க ஈகோர்ட்ஸ் ஆப்ல 16 எழுத்து சிஎன்ஆர் நம்பர், அதாவது ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி நம்பர், போட்டா அடுத்த வாய்தா தெரியும், வக்கீலுக்கு தினமும் போன் அடிக்க வேண்டாம்.

கோர்ட் காசு வர்ற வரைக்கும் அடுப்பு எரியணும்ல, அதுக்கு அரசாங்க உதவி. மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுன்னு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா. அம்மா விதவையோ விவாகரத்து ஆனவரோ கைவிடப்பட்டவரோன்னா கேக்கலாம், குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்துல 72,000, டவுன்ல 96,000க்குள்ள இருக்கணும், பிள்ளை 18க்குக் கீழ, ஸ்கூலுக்கு ஒழுங்காப் போகணும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுலதான் மனு. பிறப்புச் சான்று, ஆதார், வருமானச் சான்று, படிப்புச் சான்று, பேங்க் பாஸ்புக் இதெல்லாம் கேப்பாங்க, வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க, பிறகு ஒரு குழு உக்காந்து முடிவு பண்ணும். இது உடனே வராது, நிதி எவ்வளவு ஒதுக்கினாங்கன்னும் பாப்பாங்க, அதனால முதல்லயே வரிசையில பேர் ஏத்திருங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைங்க, ஒருத்தர் இறந்து இன்னொருத்தர் விட்டுட்டுப் போன பிள்ளைங்களுக்கு 2025 செப்டம்பர் 15ல அன்புக் கரங்கள்னு மாசம் 2,000 தர்ற திட்டம் ஒண்ணும் ஆரம்பிச்சாங்க.

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட்லருந்து 1,200 ஆச்சு. 30 வயசு ஆகியிருக்கணும், விட்டுட்டுப் போய் அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும் இல்லேன்னா கோர்ட் மூலமா பிரிஞ்சிருக்கணும். இசேவை மையத்துல போட்டா விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு தாசில்தார்கிட்ட போகும். 26 வயசுல ரெண்டு பிள்ளையோட நிக்குற பெண்ணுக்கு இந்த விதி என்ன நியாயம்னு எனக்கு இன்னும் புரியல.

மனு கிடப்புல போட்டா என்ன செய்யன்னா, திங்கக்கிழமை காலையில நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள், சீக்கிரம் போனா டோக்கன் முன்னால கிடைக்கும், மனுவுல பழைய மனு நம்பர் எல்லாம் எழுதி ரசீது வாங்காம வெளிய வராதீங்க. முதல்வர் உதவி எண் 1100க்கு அடிச்சும் பதியலாம். அதுக்கும் பதில் இல்லேன்னா தகவல் உரிமைச் சட்டம்தான், பத்து ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி அந்த ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட். "ஏன் தரல"ன்னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் வராது. இன்ன தேதி இன்ன நம்பர் மனு இப்ப எந்த அலுவலர்கிட்ட இருக்கு, எந்தெந்தத் தேதியில யார் யார் என்ன குறிப்பு எழுதினாங்க, அந்தப் பக்கங்களோட நகல் வேணும்னு கேளுங்க. 30 நாள் டைம். வரலேன்னா 30 நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. தங்கச்சி பைல் எட்டு மாசமா ஒரே மேசையில இருந்தது இப்படித்தான் வெளிய வந்தது, பதில் வர்றதுக்கு முன்னாடியே பைல் நகந்துருச்சு, அது வேற கதை.

தொகையும் காலத்துக்கும் அதே இல்ல. எல்கேஜியில ஆர்டர் ஆன காசு எட்டாங்கிளாஸுக்குக் காணாது, சூழ்நிலை மாறிடுச்சுன்னு காட்டி கூட்டிக் கேக்க தனியா மனு இருக்கு. தங்கச்சி மகன் வர்ற ஜூன்ல ஆறாங்கிளாஸ் போறான், அதுக்குத்தான் இப்ப பீஸ் ரசீதெல்லாம் அடுக்கிட்டு இருக்கோம்.