அவுட்போர்டு மோட்டார் கிளம்பவில்லையா? அலாரம் கத்துகிறதா? வரிசையாகப் பாருங்கள்

அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார், கிளம்பாவிட்டால் உடனே மேல்மூடியைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் கோளாறு மூடிக்கு வெளியேதான் இருக்கும். இங்கே சொல்வது, மீன்பிடிப் படகுகளில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும்) மோட்டாருக்கு; ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குக் கடைசிப் பத்தி மட்டும்.

1. அவசரமாக நிறுத்தும் சுவிட்சின் சிவப்புக் கயிற்றுக் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? அது கழன்றிருந்தால் கிளப்பும் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஸ்பார்க் பிளக்கில் நெருப்புப்பொறி வராது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

2. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பல்பின் அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்க வேண்டும். அம்பு முனை மேலே பார்க்க பல்பைப் பிடித்து, கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கெட்டியாகவே இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது; குழாய் இணைப்பிலுள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) முதலில் பாருங்கள். ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிப்போனால் அடைப்பு டேங்க் பக்கம். கிளம்பிச் சற்று நேரம் ஓடி நின்றுவிடும் மோட்டாரில் அந்தக் காற்றுத் திருகே மூடியிருக்கும்.

3. குளிர்ந்த மோட்டாருக்குச் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) வேண்டும், சூடான மோட்டாருக்கு வேண்டாம். சோக்கை வெளியே இழுத்து வைத்தபடியே கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்தால் பிளக் நனைந்துவிடும். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து சில முறை இழுங்கள். பற்றிக்கொண்டதும் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுங்கள்.

4. இப்போது மூடியைத் திறக்கலாம். பிளக் ஈரமாக இருந்தால் துடையுங்கள், கருத்திருந்தால் மாற்றுங்கள். என்.ஜி.கே. நிறுவனப் பிளக் எண்ணின் முடிவில் ‘-10’ இருந்தால் இடைவெளி 1.0 மி.மீ. பொறியைச் சோதிக்க, பிளக்கை அதன் ஒயர் முனை மூடியில் செருகி உலோகப் பகுதியை என்ஜின் உடலோடு ஒட்டிப் பிடித்து, கிளப்பும் கயிற்றை இழுங்கள். பிளக் துளைக்கு அருகில் பிடிக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கு ஒரு தனிக்கதை. பெட்ரோலில் கிளப்பிச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்ப்புரேட்டரில் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பகுதியில்) அதுவே தங்கி, மறுநாள் காலை கை வலிக்க இழுக்க வைக்கும். தங்கிய எண்ணெயைக் கார்ப்புரேட்டரின் அடித்திருகு வழியாக வடித்துவிட்டுப் பெட்ரோல் ஏற்றுங்கள். பெட்ரோலில் ஆயில் கலவை 50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மி.லி.

சாவி போட்டுக் கிளப்பும் மோட்டாரில் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழ் போனால் சார்ஜ் செய்யுங்கள்.

அலாரம்

ஓடும்போது அலாரம் அடித்து வேகமும் தானாகக் குறைந்தால், முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். ஆக்சிலேட்டரைக் குறைத்துவிட்டு, மோட்டாரின் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே நிறுத்தி, மோட்டாரைத் தூக்கி, கீழே தண்ணீர் உறிஞ்சும் வலையைப் பாருங்கள். பாலித்தீன் பையோ வலைத்துண்டோ ஒட்டியிருக்கும். அங்கே சுத்தமாக இருந்தால், பீய்ச்சும் துளையில் உப்போ மணலோ அடைத்திருக்கலாம். தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். துளை திறந்தும் தண்ணீர் வராவிட்டால் இம்பெல்லர் (தண்ணீரை மேலேற்றும் பம்பின் ரப்பர்ச் சக்கரம்) தேய்ந்திருக்கும்.

கரைக்கு வந்து கீழ்ப்பகுதியை இறக்கி இம்பெல்லரை மாற்றுங்கள். டிரைவ் ஷாஃப்டை (என்ஜினிலிருந்து கீழே இறங்கும் தண்டை) ஓடும் திசையிலேயே சுற்றிக்கொண்டு பம்பின் உறையை அமுக்கினால் இறக்கைகள் சரியாக மடங்கி உட்காரும். பழையதில் இறக்கை உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். அது மேலேறித் தண்ணீர்ப் பாதையை அடைத்தால் புது இம்பெல்லரும் உதவாது. தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள், ரப்பர் நொடிகளில் கருகும்.

தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியும் சூடேறினால் தெர்மோஸ்டாட்டை (சூட்டில் திறந்து தண்ணீரை விடும் வால்வை) கழற்றி வெந்நீரில் போடுங்கள். திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

மோட்டார் குளிர்ந்திருக்கும்போதே அலாரம் அடிக்கிறதா? தனி ஆயில் டேங்க் உள்ளதென்றால் அதன் அளவைப் பாருங்கள். அது சரியென்றால் சிலிண்டர் தலையிலுள்ள வெப்ப சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கோளாறு சுவிட்சில். சோதனை முடிந்ததும் ஒயரை மறுபடி மாட்டுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் அழுத்த அலாரம் அடித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். ஆயில் குறைவென்றால் ஊற்றிப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் அடித்தால் மறுபடி கிளப்பாமல் நங்கூரம் போட்டு வேறு படகை அழையுங்கள்.