ஒரு கால் மட்டும் வீங்கினால் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள்

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தபோது, ஒற்றைக் கால் வீங்கி யார் வந்தாலும் "அட்டை கடித்த இடத்தைச் சொறிந்திருப்பாய்" என்பேன். முக்கால்வாசி அது சரியாகவும் இருக்கும். அந்த மிதப்பில்தான் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுக்கு இரண்டு வாரம் அன்டிபயோட்டிக் கொடுத்தேன். காலில் சிவப்பில்லை, சூடில்லை, காய்ச்சலும் இல்லை. கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது சூலகக் கட்டி. அது இடுப்புக்குள், காலிலிருந்து இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் நாளத்தை நெருக்கியிருந்தது.

சரி, முதலில் தையல் நாடாவை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் இறங்கி இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நாளத்துக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம்; குறைவாக இருந்தாலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 1990 அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனில் காலில் உறைவு இல்லையென்று வந்த பிறகுதான் அபூர்வமானவற்றைத் தேட வேண்டும். மூட்டு தேய்ந்தவர் மலையிறங்கும்போது முழங்காலின் பின்னால் 'பட்'டென்று ஏதோ விட்டது என்றால், அங்கிருந்த நீர்க்கட்டி உடைந்திருக்கும். சில நாளில் கணுக்கால் எலும்புக்குக் கீழே நீலம் பாரிக்கலாம்.

இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேற்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். வராவிட்டால் நிணநீர்த் தேக்கம். உடனே யானைக்கால் என்று பயமுறுத்தாதீர்கள். அது மேல், தென், வடமேல் மாகாணங்களில் இருந்த நோய். பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் கொழும்புப் பக்கம் கடையில் வருடக்கணக்காக நின்ற பிள்ளையா என்று கேளுங்கள்.

இளம் பெண்ணுக்கு இடது கால் மட்டும் திரும்பத் திரும்ப வீங்கினால் இன்னொன்றும் உண்டு. வலது காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி, இடது காலிலிருந்து வரும் நாளத்தை முதுகெலும்போடு சேர்த்து அமுக்கலாம். காலை மட்டும் ஸ்கேன் செய்தால் அது தப்பிவிடும்.

அப்புறம், கட்டிலில் படுக்கவைத்துத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா, அடிவயிறு கல்லாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மெலிவு, மாதவிடாய், ஆண்களென்றால் சிறுநீர்த் தடை பற்றியும் கேளுங்கள். நம்மிடம் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள்; மிட்வைஃபைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் துண்டுச்சீட்டில் "கால் வீக்கம்" என்று மட்டும் எழுதாமல், இரண்டு அளவையும் வயிற்றில் தட்டுப்பட்டதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.