முதலில் கால்களை எண்ணுங்கள்

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுக்கு என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது, எந்த வண்ணத்துப்பூச்சிக்கும் நான் உடனே பேர் சொல்வதில்லை. முதலில் குடும்பம் தெரியட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்டு, குடும்பங்களோ ஆறுதான்.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஓடைக்கரை ஈரமண்ணுக்குப் போங்கள். உப்புச்சத்து உறிஞ்ச வந்து, கிட்டப் போனாலும் எழும்பாமல் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வலை வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம்.

உணர்கொம்பின் நுனி கொக்கியாக வளைந்து, தலை அகன்று, உடல் தடித்திருந்தால் அது துள்ளிக் குடும்பம். சந்தேகமே இல்லை.

மற்றவற்றுக்குக் கால்தான் சாட்சி. நான்கு காலில் நின்றால் பெரும்பாலும் வரியன் குடும்பம். முன்னங்கால் இரண்டும் சிறுத்து, மார்போடு ஒட்டிக் கிடக்கும். 2019இல் நம் மாநிலப் பூச்சியான தமிழ் மறவனும் இந்தக் குடும்பம்தான். ஆறு காலிலும் நின்று, ஆள் பெரிதாக இருந்தால் அழகிக் குடும்பம். வாலைத் தேடாதீர்கள், நம் காட்டின் மிகப் பெரிய அழகியான சதர்ன் பேர்ட்விங்குக்கு வாலே கிடையாது. ஆறு கால், நடுத்தர உருவம், வெள்ளையோ மஞ்சளோ என்றால் வெள்ளையன் குடும்பம்.

நிறத்தை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன்? காமன் க்ரோ என்ற வெண்புள்ளிக் கருப்பனின் புழு அரளி, அத்தி போன்ற பால் வடியும் செடிகளைத் தின்று வளர்கிறது. பூச்சியின் உடம்பில் நஞ்சு இருப்பதால் பறவைகள் தொடுவதில்லை. அந்தப் பாதுகாப்பை அப்படியே இரவல் வாங்கியிருக்கிறது மலபார் ரேவன். அதே கருப்பு, அதே வெள்ளைப் புள்ளிகள், அதே சோம்பலான பறப்பு. இது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். ஆனால் அழகிக் குடும்பம். பறவையை ஏமாற்றும் இறக்கை உங்களையும் ஏமாற்றும். கீழே பாருங்கள்: க்ரோ நான்கு காலில் நிற்கும், ரேவன் ஆறு காலில். இந்த வித்தியாசத்தைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் நான் அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் போகிறேன்.

கால்களைக் கேட்டாலும் குழப்பும் குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிளம் ஜூடி என்ற இனத்தில் ஆண் நான்கு காலிலும் பெண் ஆறு காலிலும் நடக்கும். அதற்கு நடத்தையைப் பாருங்கள். நிழலில், தாழ்ந்த இலைமேல் இறங்கி, இறக்கையைப் பாதி விரித்தபடி வெடுக் வெடுக்கென்று திரும்பிக்கொண்டே இருக்கும்.

மிஞ்சியவை நீலன் குடும்பம்: சின்ன உருவம், உணர்கொம்பில் வெள்ளை வளையங்கள், பலவற்றுக்குப் பின்னிறக்கையில் நூல் போன்ற வால். மேற்புற நீலத்தை வைத்து இனம் பிரிக்க முயலாதீர்கள், பல இனங்கள் ஒன்றுபோலவே தெரியும். இறக்கை மூடியிருக்கும்போது அடிப்புறக் கோடுகளையும் புள்ளிகளையும் தெளிவாகப் படமெடுங்கள். எந்தச் செடியில் முட்டையிட்டது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். படம் தெளிவில்லாதபோது இனத்தை முடிவு செய்ய அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.