பிஸ்கே வளைகுடாவின் ஓரமாக: பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்கு நிதானமாகக் காரில் செல்லத் திட்டமிடும் முறை

பிரான்சிலும் ஸ்பெயினிலும் கடலோரமாகக் காரில் செல்ல விரும்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கடல் என்பதைத்தான். நீஸ், மார்செய் வழியாக எல்லையைக் கடந்து பார்சிலோனாவுக்குச் செல்லும் மத்தியதரைக் கடற்கரையில் வெயில் ஏறக்குறைய உறுதி. ஆனால் கரையின் பெரும்பகுதி கட்டடங்களால் நிறைந்திருப்பதால், கோடையில் காரை நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். லா ரோஷெலில் தொடங்கி சந்தாந்தேருக்கு அப்பால் வரை பிஸ்கே வளைகுடாவைச் சுற்றிச் செல்லும் அட்லாண்டிக் கரையில் மழைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றாலும், நீண்ட வெறுங்கடற்கரைகளும் கடலை ஒட்டிய சிறு சாலைகளும் அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன. அவசரமில்லாத பயணத்துக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். இரண்டு கடல்களையும் ஒரே விடுமுறையில் பார்க்க முயல்பவர் பார்க்கப்போவது நெடுஞ்சாலையைத்தான்.

அடுத்து, கிலோமீட்டர்களைக் கணக்கிடாமல் இரவுகளைப் பங்கிடுங்கள். பதினான்கு இரவுகள் இருந்தால் ஐந்து தங்குமிடங்கள் போதும்: லா ரோஷெலில் இரண்டு, ஆர்க்காஷோன் விரிகுடாவின் அருகே மூன்று, சான் ழான் த லூஸில் மூன்று, சான் செபஸ்தியானிலோ அதற்கு மேற்கே கெதாரியாவிலோ மூன்று, சந்தாந்தேருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மூன்று. இடம் மாறும் நாளில் இருநூறு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். வரைபடச் செயலி காட்டும் நேரத்துடன் அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் ஜூன் அல்லது செப்டம்பர் மிகவும் நல்லது. செப்டம்பரில் கடல்நீர் கோடை முழுவதும் வாங்கிய வெப்பத்தை இன்னும் வைத்திருக்கும், கூட்டமோ கலைந்திருக்கும். ஜூலை இறுதி, ஆகஸ்ட் தொடக்க வார இறுதிகளில் விடுமுறைக்குப் புறப்படுவோரும் திரும்புவோரும் பிரான்சின் சாலைகளில் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். பிசோன் ஃபியூத்தே என்னும் அரசுச் சேவை ஒவ்வொரு நாளின் நெரிசலையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என வண்ணமிட்டு முன்கூட்டியே வெளியிடுவதால், கறுப்பு நாட்களில் காரை எடுக்காதபடி திட்டமிடலாம். ஆகஸ்ட் 15 இரு நாடுகளிலும் பொது விடுமுறை.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மேற்சொன்ன பங்கீட்டில் எட்டு இரவுகள் பிரான்சில் வருவதால் அது பிரான்சாகும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஓட்டுநர் உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தையும், உரிமம் வழங்கிய நாட்டிலேயே, புறப்படும் முன் வாங்கிவிடுங்கள்.

செலவில் பலர் கவனிக்கத் தவறுவது வாடகைக் காரின் எல்லைக் கணக்கு. ஒரு நாட்டில் எடுத்த காரை மற்றொரு நாட்டில் விட்டால், அதற்கென வசூலிக்கப்படும் கட்டணம் சில வேளைகளில் வாடகையையே எட்டிவிடும். ஆகவே இரண்டு கார்களாகப் பிரிப்பதே சிக்கனம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரத்தில் லா ரோஷெலுக்கு வந்து, அங்கே முதல் காரை எடுத்து, பயோனில் திருப்பிக் கொடுங்கள். பயோனிலிருந்து எல்லையூரான எந்தாய்க்கு ரயில் உண்டு. எந்தாய் ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்தே தோப்போ என்று அழைக்கப்படும் பாஸ்க் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் சான் செபஸ்தியானில் இறக்கிவிடும். இரண்டாவது காரை அங்கே எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள், ஏனெனில் கையால் கியர் மாற்றும் கார்களே அங்கு மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும்.

பெட்ரோல் நிலையத்தில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பிரான்சில் ‘காசோல்’ என்று எழுதியிருப்பது டீசல்; ஸ்பெயினில் ‘கசோலினா’ என்று எழுதியிருப்பது பெட்ரோல். எழுத்தை நம்பாமல் குழாயில் ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பாருங்கள்: பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம் என்பது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொது. பிரான்சில் பெரிய பல்பொருள் அங்காடிகளின் நிலையங்களில் விலை குறைவு.

வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். பிரான்சின் நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110. சாதாரண ஊர்ப்புறச் சாலையில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் 90. ஸ்பெயினில் நெடுஞ்சாலையில் 120, ஊர்ப்புறச் சாலையில் 90. 2021 முதல், ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள நகரத் தெருக்களில் 30 தான். சுற்றுச் சந்திப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. இதைவிட ஆபத்தானது பிரெஞ்சு ஊர்களுக்குள் வேறு குறியீடு இல்லாத சந்திகளில் அமலாகும் விதி: வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டி, அது எவ்வளவு சிறிய சந்தாக இருந்தாலும், முதலில் செல்லும். அறிமுகமில்லாதவர் அங்கே நிற்காமல் போய்விடுவார்.

இனி வழி. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவே இருக்கும். இங்கோ நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கக்கூடும். எனவே நாளின் திட்டத்தை ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். பிரெஞ்சு அட்டவணைகளில் 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். எண் பெரிதாக ஆக, அன்று கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். ஆர்க்காஷோன் விரிகுடாவில் நீர் வற்றும்போது படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும், சிப்பிப் பண்ணைகள் வெளியே தெரியும்; நீர் ஏறியபின் அதே இடம் ஒரு நீலத் தட்டாகிவிடும். இரண்டு வேளையிலும் பார்க்க வேண்டுமென்பதற்காகத்தான் அங்கே மூன்று இரவுகள் ஒதுக்கச் சொன்னேன்.

லா ரோஷெலிலிருந்து தெற்கே வரும்போது போர்தோ நகரைச் சுற்ற வேண்டாம். ரோயானில் காரோடு படகில் ஏறி ஜிரோந்து கழிமுகத்தைக் கடந்தால் அரை மணி நேரத்துக்குள் மறுகரையிலுள்ள லெ வெர்டோனை அடையலாம். தெளிவான நாளில், 1611இல் கட்டி முடிக்கப்பட்ட கோர்துவான் கலங்கரை விளக்கம் கடலின் நடுவே தெரியும். அருகிலுள்ள சூலாக்கில், 1960களில் கடலிலிருந்து சுமார் இருநூறு மீட்டர் தள்ளிக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று, கரை அரிப்பால் 2014இல் காலி செய்யப்பட்டு 2023இல் இடிக்கப்பட்டது. ஆர்க்காஷோன் அருகே நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிலா மணல்மேடும் ஆண்டுதோறும் உள்நோக்கி நகர்ந்து பைன் காட்டை விழுங்கி வருகிறது. கட்டண நிறுத்துமிடம் நிரம்பும் முன், காலையில் செல்லுங்கள்.

மணல்மேட்டுக்குத் தெற்கே நீளும் லாந்துக் கடற்கரை அழகானது, ஏமாற்றக்கூடியதும் கூட. பேன் எனப்படும் மணற்பள்ளங்களில் தேங்கும் நீர் குழந்தைகளுக்கேற்ற குளம்போல அமைதியாகத் தோன்றும். ஆனால் அது கடலுக்கு வடியும் வாயில் உருவாகும் நீரோட்டம் நன்றாக நீந்துபவரையும் இழுத்துச் சென்றுவிடும். உயிர்காப்பாளர் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

சான் ழான் த லூஸின் தேவாலயத்தில் 1660இல் பதினான்காம் லூயி ஸ்பெயின் இளவரசியை மணந்தார். ஊரிலிருந்து எந்தாய் வரை பாறை விளிம்பில் செல்லும் சாலையை ஒரு மாலைக்கு ஒதுக்கலாம். அரிப்பின் காரணமாகக் கட்டுப்பாடுகள் இருக்கக்கூடுமென்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள். எல்லையாக ஓடும் பிதாசோவா ஆற்றில் ஃபெசன்ட் தீவு என்றொரு சிறு திட்டு உண்டு. அது ஆண்டில் ஆறு மாதம் ஸ்பெயினுக்கும் ஆறு மாதம் பிரான்சுக்கும் உரியது. இறங்கிப் பார்க்க அனுமதி கிடையாது, கரையிலிருந்து பார்த்தால் போதும்.

ஸ்பெயினில் சான் செபஸ்தியானிலிருந்து பில்பாவோவுக்குக் கட்டண நெடுஞ்சாலை உண்டு. அதை விட்டுவிட்டு, சராவுத்ஸிலிருந்து கெதாரியா வழியாக சுமாயா செல்லும் என்-634 சாலையைப் பிடியுங்கள், அலை தெறிக்கும் தூரத்தில் கார் ஓடும். சுமாயாவின் அடுக்குப் பாறைகளில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த காலத்தின் அடுக்கும் இருக்கிறது. பாறைகளின் முழு நீளத்தையும் காண நீர் வற்றும் வேளை வேண்டும். பில்பாவோ அருகே 1893இல் கட்டப்பட்ட விஸ்காயா பாலம், ஆற்றின் மேல் தொங்கும் தொட்டியில் கார்களை ஏற்றி அக்கரை சேர்க்கிறது; சுற்றிப் போவதை விட அதில் ஏறுவதே இன்பம்.

சாப்பாட்டு நேரம் எல்லையில் மாறிவிடும். பிரெஞ்சுச் சிற்றூரில் மதியம் இரண்டு மணிக்குச் சமையலறை மூடும் வேளையில்தான் ஸ்பெயினில் மதிய உணவு சூடுபிடிக்கிறது. அங்கே இரவு உணவு ஒன்பது மணிக்கு முன் கிடைப்பது அரிது. வேலை நாட்களில் ‘மெனு தெல் தியா’ என்று கேட்டால் மதியம் முழுச் சாப்பாடு நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

பில்பாவோவுக்கு மேற்கே நெடுஞ்சாலைக்குக் கட்டணமில்லை. கற்கால ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற அல்தாமிராவின் மூலக் குகையைப் பொதுவாகக் காண முடியாது. பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தின் மாதிரிக் குகையே காணக்கிடைப்பது, திங்கட்கிழமை அதற்கும் விடுமுறை. இன்னும் மேற்கேயுள்ள ரிபாதேசெல்யா ஊரின் தீத்தோ புஸ்தீயோ என்னும் மற்றோர் ஓவியக் குகைக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என வரம்பு இருப்பதால், தங்குமிடத்தோடு சேர்த்து அதையும் பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது காரை பில்பாவோவிலோ சந்தாந்தேரிலோ திருப்பிக் கொடுக்கலாம். இரண்டு நகரங்களிலும் விமான நிலையம் உண்டு.